மதுரை அத்தைக்குத் தெளிவாகக் கேட்க வைத்த கதை

நான் இருப்பது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில். மதுரையில் அத்தை வைத்திருப்பது பட்டன் போன். அதனால் வாட்ஸ்ஆப் உதவாது. 2025 மே மாதம் ஸ்கைப் மூடப்பட்ட பிறகு, இணையம் வழியாகச் சாதாரண போனுக்கு அழைக்க உதவும் வைபர் அவுட்டில் கொஞ்சம் பணம் போட்டு அழைக்க ஆரம்பித்தேன். அத்தை பக்கம் இணையமே வேண்டாம். சாதாரண அழைப்பாகப் போய்ச் சேரும். வீட்டு லைன் என்றால் 0452-இல் முதல் சைபரை விட்டுவிட்டு +91 452 என்று போட வேண்டும்.

சரி, செலவு குறைந்தது. ஆனால் ராத்திரியானால் குரல் வெட்டி வெட்டிப் போனது. "என்னப்பா, கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி கேக்குது" என்பார் அத்தை. வேகம் காரணமில்லை, குரலுக்கு நொடிக்கு 100 கிலோபிட் தாராளம். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் வைஃபை பட்டியலைத் திறந்தாலே அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் வரிசைகட்டி நிற்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற வைஃபை அலைவரிசையில் இத்தனையும் முட்டிமோதினால் குரல் துண்டுகள் தாமதமாகும், சில தொலைந்தும் போகும். ரௌட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இன்னொரு அலைவரிசைக்குத் தனிப் பெயர் கொடுத்து, கைப்பேசியை அதில் மட்டும் இணைத்தேன். அன்றைக்கே அத்தை குக்கர் விசில் வரைக்கும் எனக்குக் கேட்டது! அவ்வளவு சந்தோஷம்.

5 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டினால் பலம் குறையும். ரௌட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்து பேசுங்கள். அப்புறம், பேசிக்கொண்டே லிஃப்டில் ஏறாதீர்கள், அழைப்பு அறுந்துவிடும்.