கடற்கரை விளையாட்டில் பௌதிகவியலைக் கவனிப்பது எப்படி?

விளையாட்டில் பௌதிகவியலைக் காண விரும்புபவர் முதலில் சமன்பாடுகளை ஒதுக்கி வைப்பது நல்லது. திருகோணமலையின் உப்புவெளியிலோ டச்சு வளைகுடாக் கரையிலோ மாலையில் ரெனிஸ் பந்தால் மென்பந்து கிரிக்கெட் ஆடுபவருக்கும், நிலாவெளியிலிருந்து படகேறிப் புறாமலைத் தீவுக்குச் சென்று சுழியோடுபவருக்கும், ஓர் அளவுநாடாவும் கைத்தொலைபேசியும் இருந்தாலே போதும். அவற்றைவிட முக்கியமானது, பார்ப்பதற்கு முன் என்ன நடக்கும் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவது. அப்படிச் சொல்லாதவருக்கு எது நடந்தாலும் தெரிந்த விஷயமாகவே தோன்றும். உயர்தரப் பரீட்சையில் பௌதிகவியலில் நல்ல சித்தி பெற்றவர்களும் இதற்கு விலக்கல்ல.

பந்திலிருந்து தொடங்குங்கள். சுவரில் அளவுநாடாவை ஒட்டி, ஒரு மீற்றர் உயரத்திலிருந்து பந்தை எறியாமல் சீமெந்துத் தரையில் விழவிட்டு, அது எழும் உயரத்தைக் காணொளியை நிறுத்திப் படியுங்கள். போட்டிக்குரிய ரெனிஸ் பந்து 254 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்தால் ஏறத்தாழ 135 முதல் 147 செ.மீ. வரை எழவேண்டும் என்பது விதி. அதாவது விழுந்த உயரத்தின் பாதிக்குச் சற்று மேல். மீதிச் சக்தியின் பெரும்பகுதி, பந்து நசுங்கி விரியும்போது வெப்பமாகிவிடுகிறது. இப்போது உயரத்தையும் பந்தையும் மாற்றாமல் தரையை மட்டும் மாற்றி, ஈர மணலிலும் பின்னர் உலர்ந்த மணலிலும் அதையே செய்யுங்கள். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் காரணம் பிடிபடும். உலர்ந்த மணலில் மணிகள் ஒன்றோடொன்று உராய்ந்து சிதறுவதிலேயே சக்தி தீர்ந்துபோவதால் பந்து எழ மறுக்கும்.

மணலில் இன்னும் சற்று நேரம் நில்லுங்கள், ஏனெனில் கரையில் காணக்கூடியவற்றுள் இதுவே எனக்கு மிகவும் பிடித்தது. பந்துவீச ஓடிவருபவர் ஈரம் பட்ட மணலையே தேடுவதற்குக் காரணம், மணிகளுக்கிடையே உள்ள மெல்லிய நீர்ப்படலம் தன் மேற்பரப்பு இழுவிசையால் அவற்றைச் சேர்த்துப் பிடிப்பதுதான். ஆனால் அலை இப்போதுதான் வழிந்திறங்கி, மணல் நீரில் ஊறிப் பளபளக்கும் இடத்தில் மெதுவாகக் காலை ஊன்றிப் பாருங்கள். பஞ்சை அமுக்கியதுபோல் நீர் மேலே வரும் என்றே பெரும்பாலானோர் ஊகிப்பர், நடப்பதோ நேர்மாறு. பாதத்தைச் சுற்றியுள்ள மணல் சட்டென்று வெளிறி உலர்ந்துபோகும். காலை எடுத்ததும் சுவட்டில் நீர் ஊறும். நெருக்கமாக அடுக்கப்பட்ட மணிகள் நகரவேண்டுமானால் ஒன்றன்மேல் ஒன்று ஏறியே ஆகவேண்டும். அதனால் இடைவெளிகள் அகன்று, மேலிருக்கும் நீரை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இதைப் பொறியியலாளர் ஒஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1885இல் விளக்கினார்.

ஒலியைக் கவனிக்க அலையோசை இல்லாத மைதானமே ஏற்றது. எல்லைக்கோட்டுக்கு அப்பால் துடுப்பாட்ட வீரரிடமிருந்து நூறு மீற்றர் தள்ளி நின்று படம்பிடித்தால், பந்து மட்டையில் படும் காட்சிக்குப் பின்னரே சத்தம் வந்துசேரும். 30 பாகை வெப்பத்தில் ஒலியின் கதி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் என்பதால், செக்கனுக்கு 30 சட்டகங்கள் கொண்ட காணொளியில் அந்தத் தாமதத்தை எட்டு, ஒன்பது சட்டகங்களாக எண்ணிவிடலாம்.

கடலுக்குள் இறங்குபவர், மூச்சை நிரப்பி மிதந்தும் பின்னர் வெளியேற்றித் தாழ்ந்தும், நீர் உடலை மேல்நோக்கித் தள்ளும் விசையான மேலுதைப்பை உடனே அறியலாம். சுழியோடும் கண்ணாடியை அணிந்தபின் நண்பரின் உள்ளங்கை எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று மதிப்பிட்டு, பிறகு கையை நீட்டித் தொட்டுப் பாருங்கள். நீரிலிருந்து கண்ணாடிக்குள்ளிருக்கும் வளிக்கு வரும் ஒளி முறிவதால், பொருள் உண்மைத் தூரத்தின் முக்கால் பங்கிலேயே இருப்பதுபோல் தோன்றும். கை போதாமல் நிற்கும். இதற்காக முருகைக் கற்களைத் தொடவேண்டாம்.

நீரில் தலை அமிழ்ந்திருக்கும்போது படகின் இயந்திரச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றும் சொல்ல முயன்று பாருங்கள். நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் கதியில் செல்வதால் அது இரு காதுகளையும் கிட்டத்தட்ட ஒரே கணத்தில் அடைகிறது. திசை தெரியாது, எல்லாப் பக்கமும் படகு இருப்பதுபோலவே கேட்கும். ஆகையால் சத்தம் கேட்டவுடன் காதை நம்பி ஒதுங்காமல், தலையை நீருக்கு மேலே உயர்த்திக் கண்ணால் பார்த்தபின் நீந்துங்கள்.