காதல் நாவலுக்கு ஒரு கொப்பி: படித்ததை எழுதி வைக்கும் விதம்

காதல் நாவல் படிப்பவர்களிடம் கதை என்ன என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: அவன் பணக்காரன், அவள் இல்லாதவள், முதலில் சண்டை, பிறகு கலியாணம். இப்படிச் சொன்னால் எல்லா நாவலும் ஒரே நாவல்தான். நாலு மாதம் கழித்து அட்டையைப் பார்த்தால் படித்ததா இல்லையா என்றே தெரியாது. காசு கொடுத்து வாங்கி, அறுபது பக்கம் போன பிறகு, “அட, இது அந்த ஊட்டி பங்களாக் கதையல்லவா” என்று மூடி வைக்க வேண்டியதுதான். நான் கொழும்பு பம்பலப்பிட்டியில் ஒரு கந்தோரில் கணக்கு எழுதுகிறவள். பற்று, வரவு எல்லாம் பதிகிற கைக்கு நாவலையும் பதிந்தால் என்ன என்று தோன்றியது. அந்தப் பதிவை எப்படி வைப்பது என்று சொல்கிறேன்.

கெட்டி அட்டை போட்ட சி.ஆர். கொப்பி ஒன்று போதும். ஒரு நாவலுக்கு ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். போனிலும் எழுதலாம்தான், ஆனால் போனில் எழுதியதைத் திரும்ப எடுத்துப் பார்த்த ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

முதலில் எந்தப் புத்தகம் உள்ளே வரும், எது வராது என்று ஒரு கோடு போடுங்கள். அமெரிக்காவில் காதல் நாவல் எழுதுகிறவர்களுக்கு 1980இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அவர்கள் இரண்டு விஷயம்தான் கேட்டார்கள்: காதல்தான் நடுக்கதையாக இருக்க வேண்டும், முடிவு மனதுக்கு நிறைவாகவும் நம்பிக்கை தருவதாகவும் இருக்க வேண்டும். எனக்கு இது சரியாகப் படுகிறது. இரண்டு பேரும் கடைசியில் செத்துப்போனால்தான் ‘அமர காதல்’ என்று மதிக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. அந்தக் கதைகளுக்கு வேறு கொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கோட்டைப் போட்டவுடன் ஒன்று தெளிவாகிவிடும். முடிவு நமக்கு முதல் பக்கத்திலேயே தெரியும். இரண்டு பேரும் சேரத்தான் போகிறார்கள். அப்படியானால் முந்நூறு பக்கம் எதற்காகப் படிக்கிறோம்? இடையில் நிற்கிற தடைக்காகத்தான். ஆகவே பக்கத்தின் தலையில் கதைச்சுருக்கம் எழுதாதீர்கள், தடையை எழுதுங்கள். ஒரே வசனத்தில். அதன் கீழே மூன்று கேள்விக்குப் பதில்: தடை வெளியில் இருக்கிறதா, மனதுக்குள் இருக்கிறதா? எந்தப் பக்கத்தில் அசையத் தொடங்குகிறது? அதை நகர்த்தியது யார்?

கடைசிக் கேள்விதான் முக்கியம். வீட்டை மறந்து படித்துக்கொண்டு போகையில் அது கண்ணில் படாது. எழுத உட்கார்ந்தால்தான் தெரியும், நாயகனுக்கும் நாயகிக்கும் இடையில் இருந்த தடையை அவர்கள் இருவருமே தொடவில்லை, வில்லி மாடிப்படியில் விழுந்து திருந்தியதால்தான் கதை முடிந்தது என்று. அப்படிப்பட்ட நாவலுக்கு என் கொப்பியில் ‘மாடிப்படி’ என்று ஒரு குறி உண்டு. போன வருடம் அந்தக் குறி நிறையவே விழுந்தது.

இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள். இவர்கள் இரண்டு பேரும் ஒரு பின்னேரம் உட்கார்ந்து மனம்விட்டுக் கதைத்தால் இந்தத் தடை தீர்ந்துவிடுமா? தீரும் என்றால், ஏன் கதைக்கவில்லை என்பதற்கு எழுத்தாளர் காரணம் தந்திருக்கிறாரா என்று பாருங்கள். நாயகி அவனை வேறொரு பெண்ணோடு பார்த்துவிட்டு நூற்றைம்பது பக்கம் வாயே திறக்காமல் இருக்கிறாள், அந்தப் பெண் கடைசியில் அவனுடைய ஒன்றுவிட்ட தங்கச்சி. இதைப் பொறுத்துக்கொள்ள எனக்கு முடியாது. ஆனால் கூட்டுக் குடும்பத்தில், ஒரு வீட்டுக்குள் எட்டுப் பேர், கதவைச் சாத்தினால் வெளியே மாமியார் இருமுகிற சத்தம் கேட்கும் என்று எழுதியிருந்தால், அங்கே கதைக்காமல் இருப்பதை நான் நம்புவேன். போன மாதம் படித்த ஒன்றில் புருஷனும் மனைவியும் சண்டை போடுவதற்கே பஸ்ஸில் போகிறார்கள், வீட்டில் இடமில்லை என்பதால். அந்தப் பக்க எண்ணைப் பெட்டி போட்டு வைத்திருக்கிறேன்.

கை பழகுவதற்கு மெல்லிய ஆங்கில நாவல்களில் தொடங்குவது சுலபம். டி.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பக்கம் இருக்கிற பழைய புத்தகக் கடைகளில் மில்ஸ் அண்ட் பூன் கட்டுக்கட்டாகக் கிடக்கும். 1908இல் லண்டனில் தொடங்கியபோது எல்லாவகைப் புத்தகமும் போட்ட நிறுவனம் அது. காதல் பக்கம் முழுதாகத் திரும்பியது பிறகுதான். சுமார் 190 பக்கத்துக்குள் முடித்தாக வேண்டும் என்பதால் ஒரு தடைக்குத்தான் இடமிருக்கும், தேடி அலைய வேண்டியதில்லை. தமிழுக்கு வெள்ளவத்தை, செட்டியார் தெரு பூபாலசிங்கம் புத்தகசாலைகள், கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம், செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சி. 2022இல் ரூபா விழுந்த பிறகு அட்டையில் உள்ள இந்திய விலையைப் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் கையை நீட்ட வேண்டும், அதனால் நூலகத்தை மறக்காதீர்கள். நம் நாட்டுக் காதல் கதைகள் வேண்டுமென்றால் ‘நூலகம்’ (noolaham.org) என்ற இணையத்தளத்தில் தேடுங்கள். இந்தியச் சஞ்சிகைகளுக்குக் கட்டுப்பாடு வந்த 1970களில் வீரகேசரி பத்திரிகை நிறுவனம் வரிசையாக நாவல்கள் வெளியிட்டது. அந்தக் காலத்துப் பதிப்புகளை அங்கே இலவசமாகப் படிக்கலாம்.

ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்று காட்ட, எல்லோரும் கேள்விப்பட்ட ஒன்றை எடுக்கிறேன். 1813இல் வந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’.

தடை: அவனுக்கு (டார்சி) தன் குடும்பப் பெருமை, அவளுக்கு (எலிசபெத்) முதல் நடனத்தில் அவன் சொன்ன சொல். வெளியே: அவளுடைய தாயும் தங்கைகளும் நடந்துகொள்ளும் விதம். அசைவது: மொத்தம் 61 அத்தியாயம், 34இல் அவன் கலியாணம் கேட்கிறான், அவள் முகத்துக்கு நேரே மறுக்கிறாள், 35இல் அவனுடைய கடிதம். நகர்த்தியது: இரண்டு பேரும். அவள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, அவன் அவளிடம் கேட்ட ஏச்சை மனதில் வைத்துத் தன் நடத்தையை மாற்றி.

அவ்வளவுதான். ஐந்தாறு வரி. ஆனால் இதை எழுதிய பிறகு நான் படிக்கிற ஒவ்வொரு நாவலிலும் ‘34’ எங்கே என்று தேடத் தொடங்கிவிட்டேன். நடுப்பகுதி தாண்டுகிற இடத்தில் எல்லாம் ஒருதரம் உடைய வேண்டும். அங்கே உடையாமல், கடைசி இருபது பக்கத்தில் திடீரென்று உடைத்து உடனே ஒட்டினால் அது ஒட்டாது.

இனி அடி, அதட்டல் விவகாரம். கோபக்கார நாயகன் நாயகியின் கையை முறுக்குவான், விருப்பமில்லாமல் தாலி கட்டுவான், பிறகு அதுவே காதல் என்று சொல்லப்படும். இணையத்தில் தொடராக வரும் தமிழ் நாவல்களில் இது ஏராளம், விருப்பமாகப் படிப்பவர்களும் ஏராளம். படிக்காதே என்று நான் யாருக்கும் சொல்லப்போவதில்லை. கொப்பியில் மட்டும் இரண்டு வரி எழுதச் சொல்கிறேன்: அவன் மன்னிப்புக் கேட்டானா, எந்தப் பக்கத்தில்? வாயால் கேட்டானா, சேலை வாங்கிக் கொடுத்துச் சமாளித்தானா? தொல்காப்பியர் இதற்கெல்லாம் எப்போதோ கணக்கு வைத்துவிட்டார். ஆசை மிகுந்து வலிந்து கொள்வதை அவர் பெருந்திணையில் தள்ளினார், அன்பின் ஐந்திணைக்குள் விடவில்லை. நானும் அப்படியே பக்கத்தின் மூலையில் ‘பெரு’ என்று எழுதி வைக்கிறேன்.

அதைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நாவல்களை வகை பிரிக்க ஆங்கிலத்தில் ஆயிரம் பெயர் இருக்கிறது, எனக்கு அவை ஒன்றும் நினைவில் நிற்பதில்லை. பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய திணை நிற்கிறது. புதிதாகச் சந்தித்து மயங்குவதே பெரும்பகுதி என்றால் குறிஞ்சி. பிரிந்து போனவர்கள் கதை பாலை. வெளிநாட்டில் இருக்கிற மாப்பிள்ளைக்காக விசாவோடு சேர்த்துக் காத்திருந்தால் முல்லை. கலியாணத்துக்குப் பிறகு வரும் ஊடல் மருதம், எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான், ஏனென்றால் அங்கே தடை உள்ளே இருந்தே ஆக வேண்டும். ஏங்கிப் புலம்புகிற நெய்தல் குறைவு. ஆண்டு முடிவில் எண்ணிப் பார்த்தால் உங்கள் ருசி தெரிந்துவிடும். குறிஞ்சியாகவே வாங்கிக் குவித்துவிட்டு அலுப்பாக இருக்கிறது என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும்.

இடத்தையும் பணத்தையும் விட்டுவிடாதீர்கள். நாயகி என்ன வேலை செய்கிறாள், அவளுக்கு என்ன சம்பளம், வாடகை யார் கொடுக்கிறார்கள் என்று எழுத ஒரு வரி ஒதுக்குங்கள். நம் சனங்களின் கதையில் சீதனம் பற்றி ஒரு பேச்சும் இல்லாமல் கலியாணம் பேசி முடிந்தால் எழுத்தாளர் எங்கே குடியிருக்கிறார் என்று கேட்கத் தோன்றும். கொழும்பில் நடக்கிற கதை என்றால் நான் முதலில் பார்ப்பது, இந்த இரண்டு பேரும் எங்கே சந்திக்கிறார்கள் என்பதை. வெள்ளவத்தைப் பிள்ளை ஒருத்தி மரைன் டிரைவில் அவனோடு கைகோத்து நடக்கிறாள் என்று எழுதினால் நான் பேனையை எடுத்துவிடுவேன். அங்கே பத்தடிக்கு ஒரு மாமி நடைப்பயிற்சி செய்கிறார். அவள் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி அம்மாவுக்கும், இரவுக்குள் கனடாவில் இருக்கிற பெரியம்மாவுக்கும் போய்விடும். விஷயம் தெரிந்த எழுத்தாளர் அவர்களை விகாரமகாதேவிப் பூங்காவுக்கோ, காலிமுகத்திடலில் குடைக்குப் பின்னாலோ அனுப்புவார். அல்லது கோட்டைக்குப் போகிற காலை ரயிலில், ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைப்பார். இந்த வகையில் ஒரு சின்ன விவரம் சரியாக இருந்தாலே நான் மற்றத் தவறுகளை மன்னித்துவிடுகிறேன்.

அடுத்தவருக்குச் சொல்லும்போது முடிவை மறைத்துப் பிரயோசனமில்லை, அது எல்லோருக்கும் தெரிந்தது. தடை என்ன என்று சொல்லுங்கள். அது எப்படி விலகியது என்பதை மட்டும் சொல்லாதீர்கள். அப்புறம், யாருக்குச் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டும். எங்கள் மாடியில் இருக்கிற மாமி நல்ல வாசகி. ஆனால் படுக்கையறைக் கதவு திறந்திருக்கிற நாவலைக் கொடுத்தால், “என்ன பிள்ளை, இதுக்குள்ள இவ்வளவு இருக்கு” என்று திருப்பித் தருவார். முழுவதையும் படித்துவிட்டுத்தான். என் பெறாமகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, அவளுக்குக் குழந்தை இறக்கிற கதை மட்டும் ஆகாது. எனவே கதவு திறந்ததா சாத்தியதா, சாவு உண்டா, அடி உண்டா என்று மூன்று சொல் ஓரத்தில் இருந்தால் கேட்கிறவருக்கு உடனே பதில் சொல்லலாம். ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று போடுவதை நான் விட்டுவிட்டேன். வைத்திருப்பதா, இரவல் கொடுப்பதா, பழைய கடைக்குப் போவதா, இந்த மூன்றில் ஒன்று எழுதினால் போதும்.

பாதியில் விட்ட புத்தகத்துக்கும் ஒரு பக்கம் கொடுங்கள். எந்தப் பக்கத்தில் விட்டீர்கள், அங்கே என்ன நடந்தது, அவ்வளவு போதும். நான் விட்டவற்றில் பெரும்பகுதி ஒரே இடத்தில்தான் நின்றிருக்கிறது: நாயகி வேலையை விட்டுவிடுகிற அத்தியாயம். காரணம் சொல்லி விட்டாலும் பரவாயில்லை, பல நாவல்களில் கலியாணம் ஆன மறுநாள் அவளுடைய கந்தோரே கதையிலிருந்து காணாமல் போய்விடுகிறது. இப்போது கடையில் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் பின்னட்டையைப் படிப்பதில்லை. முக்கால்வாசி தாண்டின ஒரு பக்கத்தைத் திறந்து, அவள் இன்னும் வேலைக்குப் போகிறாளா என்று பார்க்கிறேன். போகிறாள் என்றால் விலையைப் பார்ப்பேன்.