ஃபேமிலி குரூப்ல சாமி ஃபார்வர்டு வந்தா என்ன பண்ணணும்

நமக்கு சாமி நம்பிக்கை இல்லனாலும் அத்தை காலைல திருவொற்றியூர் வடிவுடையம்மன் போட்டோ போட்டா அதுக்கு கீழ போய் வாதம் பண்ணாதீங்க, அரசியல் சட்டம் 25வது பிரிவு குடுக்குற மனசாட்சி சுதந்திரம் அவங்களுக்கும் நமக்கும் ஒண்ணு தான். ஆனா "11 பேருக்கு அனுப்பலனா கெட்டது நடக்கும்"னு வந்தா விடக்கூடாது. வாட்ஸ்அப்ல மெசேஜ் மேல ரெட்டை அம்புக்குறி இருந்தா நிறைய கை மாறி வந்ததுனு அர்த்தம், அத காட்டுங்க, குரூப்ல இல்ல, நேர்ல. ஆடி மாசம் காசிமேட்டுல அத்தை வீட்டுக்கு கூழ் குடிக்க போனப்ப தான் நான் சொன்னேன், சின்ன வெங்காயம் உரிச்சிக்கிட்டே கேட்டவங்க கைய தொடச்சிட்டு போன எடுத்து அவங்களே டெலீட் பண்ணாங்க. அடுத்த மதத்த கேவலமா பேசுற வீடியோ வந்தா மட்டும் காத்திருக்காதீங்க, உடனே ரிப்போர்ட் அடிங்க.