இருவழி அட்டவணை: எந்தத் தொகையால் வகுப்பது?

கொழும்புக்குப் போக பஸ்ஸா, ரயிலா? யாழ்ப்பாணத்தில் 80 பேரிடம் கேட்டோம் என்று வையுங்கள். கணக்கு சுலபமாக வரட்டும் என்று எண்களை நானே போட்டேன், இதை வைத்துச் சண்டை பிடிக்க வேண்டாம்.

| வயது | பஸ் | ரயில் | மொத்தம் |
|---|---|---|---|
| 40க்குக் குறைவு | 36 | 24 | 60 |
| 40உம் மேலும் | 4 | 16 | 20 |
| மொத்தம் | 40 | 40 | 80 |

குறுக்கே போவது நிரை, மேலிருந்து கீழே வருவது நிரல். முதலில் வலது கீழ் மூலையைப் பாருங்கள்: 80. எல்லா எண்ணையும் இதால் வகுத்தால் சார்பு மீடிறன், அதாவது மொத்தத்தில் அது எத்தனை பங்கு என்பது, கிடைக்கும். ரயில் நிரலில் இளையவர்களுக்கு 24/80, அதாவது 0.30. மூத்தவர்களுக்கு 16/80, 0.20.

இதே மாதிரி ஒரு அட்டவணையில்தான் நான் ஒருமுறை சறுக்கினேன். 0.30 பெரிது, ஆகவே இளையவர்களுக்குத்தான் ரயில் கூடப் பிடிக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வாசித்த அண்ணை ஒருவர், "தம்பி, இளம் ஆக்கள் எத்தனை பேர், வயசானவை எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான், முகம் சிவந்துவிட்டது.

ஆட்களின் தொகை சமமில்லை என்றால் நிரையின் மொத்தத்தால் வகுக்க வேண்டும். இளையவர்கள் 60 பேரில் 24, அது 0.40. மூத்தவர்கள் 20 பேரில் 16, அது 0.80. கதை தலைகீழ்!

அப்புறம் நிரல்வழியாகவும் வகுக்கலாம்: ரயில் என்று சொன்ன 40 பேரில் இளையவர்கள் 24, அதாவது 0.60. "இளையவர்களில் எத்தனை பங்கு ரயில்" என்பதும் "ரயில்காரரில் எத்தனை பங்கு இளையவர்" என்பதும் ஒன்றுபோலக் கேட்கும், ஆனால் வேறு வேறு கேள்விகள். எனவே "இல்" யாரோடு ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள், அவர்களுடைய மொத்தத்தால் வகுங்கள்.

ஏன் இப்படி என்பதை அட்டவணை சொல்லாது. கொழும்பு-யாழ்ப்பாண ரயிலான யாழ்தேவி 1990இல் நின்று 2014இல்தான் யாழ்ப்பாணம் திரும்பியது, பழைய கோச்சிப் பயண நினைவு மூத்தவர்களை இழுக்கலாம் என்று நாங்கள் ஊகிக்கலாம், அது எண்களில் இல்லை. இன்னொன்று, எல்லோரையும் பஸ் நிலையத்தில் நின்று கேட்டிருந்தால் பஸ் நிரல் வீங்கித்தான் இருக்கும்.

நிரைவழி வகுத்த பின் ஒவ்வொரு நிரையையும் கூட்டிப் பாருங்கள், 1 வர வேண்டும். 0.99 வந்தால் பெரும்பாலும் தசமங்களை மட்டந்தட்டியதன் (கிட்டிய எண்ணாக எழுதியதன்) வேலை. 0.90 வந்தால் எங்கோ பிழை, திரும்பப் போடுங்கள்.