மர லூர் செய்யக் கட்டை தேர்ந்தெடுப்பது எப்படி? (முதல்முறை செய்பவர்களுக்கு)

டர்பன் கடற்கரையில் தூண்டில் போடுகிறவர்களிடம் லூர் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை) செய்ய எந்த மரம் நல்லது என்று கேட்டால், ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பாதிப் பேர் சொல்வது கெட்டியான மரம். மீன் கடித்தால் உடையக் கூடாதாம். என் கணக்கு வேறு. லூருக்கு மரம் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது எடை. பலம் போதவில்லை என்றால் உள்ளே கம்பி ஓட்டிச் சரிக்கட்டிவிடலாம். கனமான கட்டையை மிதக்க வைப்பதுதான் பெரும்பாடு.

முதலில் கணக்கு, அப்புறம் கட்டை

தொடங்குகிறவர்கள் மேல்தண்ணீரில் வரும் மிதக்கும் லூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஷேட், கேரிக் என்ற கடல்மீன்கள் இரண்டுமே அதைத் துரத்தும். 12 செ.மீ. நீளம், நடுவில் 2 செ.மீ. தடிமன், இரண்டு முனையும் ஒடுங்கிய வடிவம் என்று வைத்தால், அதன் கன அளவு சுமார் 28 கன செ.மீ. வரும். கடல்நீர் ஒரு கன செ.மீ.க்கு ஏறத்தாழ 1.025 கிராம். ஆகவே இந்த லூர் தாங்கக்கூடிய மொத்த எடை 28.7 கிராம், அதைத் தாண்டினால் மூழ்கும்.

அடர்த்தி (ஒரு கன செ.மீ.க்கு எத்தனை கிராம்) 0.5 உள்ள மரத்தில் செய்தால் கட்டை மட்டும் 14 கிராம். மூன்றுமுனை முள் இரண்டு, வளையம், கம்பி எல்லாம் சேர்த்து 8 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் ஈயம் வைக்கவும் பெயின்ட் அடிக்கவும் ஆறேழு கிராம் மிச்சம் இருக்கிறது. மூன்று நான்கு கிராம் ஈயம் போட்டால் முதுகு வெளியே தெரிய நிமிர்ந்து மிதக்கும். அதே வடிவத்தை டம்போட்டி என்ற கனத்த மரத்தில் செதுக்கினால் கட்டையே 26 கிராமைத் தாண்டும். முள்ளை மாட்டியதுமே அடிக்குப் போய்விடும்.

இனாண்டா அணையில் பாஸ் மீனுக்கு வீசப் போகிறீர்கள் என்றால் 28.7 என்பதை 28 ஆக மாற்றிக்கொள்ளுங்கள். முக்கால் கிராம் வித்தியாசம்தான். ஆனால் கடலில் மட்டுமட்டாக மிதந்த லூர் நன்னீரில் மூழ்க அது போதும்.

கையில் உள்ள கட்டையை அளப்பது

2 செ.மீ. சதுரத்தில் 20 செ.மீ. நீளத்துக்கு ஒரு குச்சி அறுங்கள். அது 80 கன செ.மீ. சமையலறைத் தராசில் 40 கிராம் காட்டினால் அடர்த்தி 0.5. தராசு இல்லையா? குச்சியைப் பத்து சம பாகமாகக் கோடு போட்டு, ஒடுக்கமான உயர்ந்த ஜாடித் தண்ணீரில் நெட்டுக்குத்தலாக விடுங்கள். ஐந்தாவது கோடுவரை மூழ்கினால் அதே 0.5தான். 0.4 முதல் 0.55 வரை உள்ள எதுவும் முதல் லூருக்குச் சரி.

எந்த மரம்?

நான் முதலில் கைகாட்டுவது பழைய மெராண்டி. சாட்ஸ்வொர்த், இசிபிங்கோ பக்கம் ஜன்னலை அலுமினியத்துக்கு மாற்றுகிற வீடுகளில் பழைய சட்டங்கள் வாசலில் கிடக்கும், கேட்டால் தந்துவிடுவார்கள். பல வருடம் காய்ந்த மரம், இனித் திருகாது. ஆனால் மெராண்டி என்பது ஒரே மரம் இல்லை. ஷோரியா இனத்தைச் சேர்ந்த பல மரங்களுக்கு வியாபாரத்தில் ஒரே பெயர். வெளிர் சிவப்பு லேசாக இருக்கும், கருஞ்சிவப்பு கனக்கும். ஆகவே எடை போடாமல் எடுக்காதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அதைக் காய்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல், நனைத்துச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

பைன் மலிவு, எங்கும் கிடைக்கும். அதில் ஒரு தொல்லை: ஒரு வரி மெது, அடுத்த வரி கெட்டி. உப்புத்தாள் போட்டால் மெது மட்டும் தேய்ந்து முதுகு அலை அலையாகும். தட்டையான கட்டையைத் தாளுக்கு அடியில் வைத்துத் தேய்த்தால் சமாளிக்கலாம். கூரைக்கு விற்கிற பைனை மட்டும் தொடாதீர்கள். நம் கடலோரத்தில் அது பெரும்பாலும் பூச்சி மருந்து ஏற்றியது. பச்சை சாயல் அடித்தால் ஆர்சனிக் கலந்த மருந்தாக இருக்கும். அந்தத் தூள் மூக்கில் ஏறக் கூடாது. பாலெட் பலகை என்றால் முத்திரையைப் பாருங்கள்: ‘எச்.டி.’ என்றால் சூடேற்றியது, எடுக்கலாம், ‘எம்.பி.’ என்றால் புகைமருந்து போட்டது, விட்டுவிடுங்கள்.

ஜெலுடாங் மரம் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். கத்திக்கு எந்தப் பக்கமும் இணங்கும். பால் ஓடிய பொந்துகள் நீளக் கீறலாகத் தெரியும். அந்த இடத்தைத் தள்ளி அறுத்தால் போதும்.

பால்சாவை எல்லோரும் புகழ்வார்கள். அடர்த்தி 0.16 அளவில் உள்ள அந்த மரத்தில் திருகாணி பிடிக்காது, நகம் பட்டாலே பள்ளம் விழும். மூக்கிலிருந்து வால்வரை ஒரே கம்பி ஓட்டத் தெரிந்த பிறகு அதற்குப் போகலாம். இங்கே தெருவோரம் சிவப்பாகப் பூக்கும் கோரல் மரமும் அப்படித்தான். நம் கல்யாண முருங்கையின் பங்காளி, தக்கைபோல் லேசு. புயலில் ஒடிந்த கிளை கிடைத்தால் எடுத்து வையுங்கள், மரத்தை வெட்ட வேண்டாம். மலைவேம்புக்கு அந்தத் தயக்கம் வேண்டாம். இங்கே சிரிங்கா என்று சொல்கிற அது, அரசின் அந்நிய ஆக்கிரமிப்பு மரங்கள் பட்டியலில் இருக்கிறது.

டம்போட்டியின் கனத்தை மேலே பார்த்தோம். அதன் பாலும் தூளும் கண்ணைப் பதம்பார்க்கும், அதனால் எடையைத் தாங்கினாலும் வேண்டாம்.

ரேகையும் ஈரமும்

கட்டையின் நாலு பக்கமும் ரேகையை, அதாவது மரத்தின் நார் ஓடும் வரியை, பாருங்கள். அது லூரின் நீளவாக்கில் நேராக ஓட வேண்டும். பக்கவாட்டில் இறங்கி வெளியேறினால், ஒல்லியான வால் பகுதி அந்தக் கோட்டிலேயே ஒடியும். கணு, நடுத்தண்டு இரண்டும் கூடாது. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் சின்னச் சில்லு பிளந்து பாருங்கள்; பிளவு போகும் வழிதான் உண்மையான ரேகை.

பச்சைக் கட்டை என்றால் முனைகளில் பெயின்ட் அடித்து நிழலில் அடுக்குங்கள். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு வருடம் என்பது பொதுவான கணக்கு. டர்பன் காற்றின் ஈரத்தில் அதை மட்டும் நம்ப முடியாது. வாரம் ஒருமுறை எடை போடுங்கள். மூன்று நான்கு வாரம் எடை மாறாமல் நின்றால் அறுக்கலாம்.

செதுக்கியதும், பெயின்ட்டுக்கு முன்னால் எப்பாக்சிப் பசையை மெல்லியதாக இரண்டு கை பூசுங்கள். திருகாணித் துளைக்குள்ளும் ஒரு சொட்டு விடுங்கள். தண்ணீர் மரத்துக்குள் நுழைவது பெரும்பாலும் அந்தத் துளை வழியாகத்தான். உள்ளே மரம் ஊதி, பெயின்ட் அங்கிருந்தே வெடிக்கத் தொடங்கும். ஈயத்தை ஒட்டும் முன், முள்ளெல்லாம் மாட்டி, வாளிக் கடல்நீரில் மிதக்க விட்டு, ஈயத்தை ரப்பர் பேண்டால் வயிற்றில் கட்டி முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். வால் லேசாகத் தாழ்ந்து நிற்கும் இடத்தில் குடைந்து வையுங்கள்.

அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் ஷேட் பிடிக்கத் தடை. கட்டை காய வைக்கவும் செதுக்கவும் அந்த நேரம் தோதாக இருக்கும்.