கார்புரேட்டர் ஜிப்சியை எம்பிஎஃப்ஐ ஆக்கும்போது பெட்ரோல் லைனில் செய்யும் தவறுகள்

பழைய கார்புரேட்டர் ஜிப்சியில் மாருதி எஸ்டீம் காரின் எம்பிஎஃப்ஐ இன்ஜினை (ஒவ்வொரு சிலிண்டருக்கும் இன்ஜெக்டர் என்ற ஊசிமுனை வழியே பெட்ரோல் பீய்ச்சும் வகை) இறக்குவது நம் ஊர் ஒர்க்‌ஷாப்களுக்குப் புது வேலை இல்லை. ஜிப்சி கிங்கின் இன்ஜினும் எஸ்டீம் இன்ஜினும் சுஸூகியின் ஒரே ஜி13 குடும்பம். மாருதியே 2000-இல் ஜிப்சி கிங்கை இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றியது. அதனால் இன்ஜின், இசியூ (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்), வயரிங் எல்லாம் தேடிப் பிடித்து, வாரக்கணக்கில் மெனக்கெட்டுப் பொருத்திவிடுகிறார்கள். கடைசி நாள் சாயங்காலம், எப்படியாவது ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் பெட்ரோல் டியூபுக்கு வரும்போதுதான் "இருக்கிறதே போதும், அப்புறம் மாத்திக்கலாம்" என்ற பேச்சு வருகிறது. அந்த "அப்புறம்" பெரும்பாலும் வருவதில்லை.

கார்புரேட்டர் வண்டியில் இன்ஜினோடு ஒட்டியிருக்கும் மெக்கானிக்கல் பம்ப், லைனில் 3 முதல் 5 பிஎஸ்ஐ அழுத்தம்தான் கொடுக்கும். எம்பிஎஃப்ஐக்கு 3 பார் பக்கம் வேண்டும், அதாவது 43 பிஎஸ்ஐ. ஏறக்குறையப் பத்து மடங்கு. கார்புரேட்டர் லைனில் கிளிப் தளர்ந்தால் பெட்ரோல் சொட்டும், வாசனை வரும், ஓரங்கட்டிப் பார்க்கலாம். 3 பாரில் அதே இடம் கசிந்தால் சொட்டாது, ஊசி முனையிலிருந்து வருவதுபோல் பீய்ச்சும். அது புகைபோலப் பரவி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் போனால் பானட்டைத் திறக்கக்கூட நேரம் இருக்காது. கீழே சொல்லும் ஒவ்வொன்றையும் இந்தக் கணக்கை மனதில் வைத்தே படியுங்கள்.

முதல் தவறு, டியூபின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்று படிக்காமலே வாங்குவது. கடையில் "பெட்ரோல் டியூப்" என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் எஸ்ஏஈ ஜே30 என்ற டியூப் தரத்தில் ஆர்7 வகை, அல்லது ஒன்றுமே அச்சிடாத வகை. இன்ஜெக்‌ஷனுக்கு வேண்டியது ஆர்9. பார்க்க இரண்டும் ஒரே கறுப்பு ரப்பர்தான். விலையில் மட்டும் நல்ல வித்தியாசம் இருக்கும். "ஆர்7-உம் 50 பிஎஸ்ஐ தாங்குமே, நமக்கு 43 தானே" என்று வாதாடுபவர்கள் உண்டு. அந்த 50 புது டியூபுக்கு. இன்ஜின் சூட்டில் இரண்டு வருடம் வெந்த டியூபுக்கு அந்தக் கணக்கு ஓடாது. போதாததற்கு, மிஞ்சும் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் எங்காவது நசுங்கினால் பம்ப் 43-இல் நிற்காது, அதன் இரு மடங்குக்குக்கூட ஏற்றிவிடும். ஆர்9 டியூபுக்கு 100 பிஎஸ்ஐ வரை வேலை அழுத்தம் உண்டு.

எத்தனால் பிரச்சினையும் இதோடு சேர்ந்தது. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய நைட்ரைல் ரப்பர் டியூபுகள் இதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. வண்டியிலிருந்து கழற்றிய பழைய டியூபை நீளவாக்கில் பிளேடால் கீறித் திறந்து பாருங்கள். வெளியே வழவழவென்று இருக்கும். உள்ளே காய்ந்த களிமண் தரை மாதிரி வெடிப்பு ஓடியிருக்கும், நகத்தால் சுரண்டினால் கறுப்புத் தூள் கையோடு வரும். அந்தத் தூள் அடுத்துப் போய் நிற்குமிடம் இன்ஜெக்டரின் முனை. ஆர்9 வகையில் உள்சுவர் ஃப்ளூரோ ரப்பர் என்பதால் எத்தனாலைத் தாங்கும். ஆனால் ஆர்9-ஐயும் டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கும்படி போடாதீர்கள். அதன் வெளிச்சுவர் பெட்ரோலில் ஊறுவதற்கானது இல்லை. டேங்குக்குள் பம்ப் வைத்தால் அங்கே ஆர்10 என்ற தனி வகைதான் போட வேண்டும்.

டியூப் சரி, கிளிப்பில் கோட்டை விடுவார்கள். திருகு மாட்டிய சாதாரண ஹோஸ் கிளிப்பின் பட்டையில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும். இறுக்க இறுக்க ரப்பர் அந்த ஓட்டைகளுக்குள் பிதுங்கி அறுபடும். மேலே இறுக்கமாகத் தெரியும், அடியில் ரப்பர் கிழிந்துகொண்டிருக்கும். இன்ஜெக்‌ஷன் கிளாம்ப் என்று கேட்டு வாங்குங்கள். அதன் பட்டை ஓட்டையில்லாமல் வழவழப்பாக, ஓரம் வெளிப்பக்கம் மடிந்து, சுற்றிலும் ஒரே சீராகப் பிடிக்கும். அது பிடிக்கும் பைப்பின் முனையிலும் ஒரு மேடு இருக்க வேண்டும். ஹாக்ஸா பிளேடால் வெட்டிய மொட்டைப் பைப்பில் டியூபைச் சொருகி எத்தனை கிளாம்ப் போட்டாலும் 3 பாரில் ஒருநாள் வழுக்கிக் கழன்றுவிடும்.

ரப்பரை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பது நல்லது. சேசிஸ் நெடுக ஓடுவது இரும்புப் பைப்பாகவே இருக்கட்டும், பிரேக்குக்குப் போடும் பண்டி டியூப் வகையில் 8 மி.மீ. சைஸ் கிடைத்தால் அருமை. வளைக்கச் சுலபம் என்று ஏசிக்காரரிடம் செம்புப் பைப் வாங்கிப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு பதறும். செம்பு வண்டியின் அதிர்வில் நாளாக நாளாக இறுகி, வளைவில் மயிரிழையாக விரியும். இன்ஜின் ஆடும், சேசிஸ் ஆடாது. அதனால் இரண்டுக்கும் நடுவே மட்டும் ஒரு முழ ஆர்9 டியூப், கொஞ்சம் தொய்வோடு. சைலன்சர் பக்கமாக, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கு நேர் மேலாக, கூரான தகர விளிம்பை உரசிக்கொண்டு எதுவும் போகக் கூடாது. இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். பைப் முனையை விரித்துச் செய்யும் ஃபிளேர் இணைப்பு மூடுவது உலோகத்தோடு உலோகம் அமர்ந்துதான், டேப்பால் இல்லை. டேப்பின் நூல் பிரிந்து உள்ளே போனால் இன்ஜெக்டரில் போய் நிற்கும்.

ரிட்டர்ன் லைனை யாருமே பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மணிக்கு 100 லிட்டர் தள்ளும் பம்ப் என்று வைத்துக்கொள்வோம். ஐடிலில் 1.3 லிட்டர் இன்ஜின் குடிப்பது மணிக்கு ஒரு லிட்டர் பக்கம். மீதி 99 லிட்டரும், அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரைத் தாண்டி டேங்குக்குத் திரும்பியாக வேண்டும். கார்புரேட்டர் காலத்து மெல்லிய ரிட்டர்ன் பைப் அதற்குத் திணறினால் ரெகுலேட்டர் என்ன செய்தும் அழுத்தம் இறங்காது. வண்டி ஐடிலில் கறுப்புப் புகை விடும், பெட்ரோல் குடிக்கும். இசியூவில் கோளாறு, சென்சாரில் கோளாறு என்று ஒவ்வொன்றாகக் காசு கரையும். ரெகுலேட்டரின் வாக்கூம் டியூபை மேனிஃபோல்டில் மாட்டாமல் விட்டாலும் இதே மாதிரி அறிகுறிதான் தெரியும்.

பம்ப் வைக்கும் இடத்திலும் தப்பு நடக்கிறது. வெளியே மாட்டும் எலக்ட்ரிக் பம்ப் நன்றாகத் தள்ளும், இழுக்கத் தெரியாது. பானட்டுக்குள் கைக்கு எட்டுகிற இடம் என்று மாட்டினால் உறிஞ்சும் பக்கம் வெற்றிடமாகி, வெயிலில் பெட்ரோல் ஆவியாகி, பம்ப் காய்ந்து ஓடிக் கெட்டுப்போகும். டேங்குக்கு அருகில், டேங்கின் அடிமட்டத்தை ஒட்டித் தாழ்வாக இருக்க வேண்டும். பம்புக்கு முன்னால் 100 மைக்ரான் கரடு ஃபில்டர், பின்னால் 10 மைக்ரான் உலோக ஃபில்டர். பழைய பிளாஸ்டிக் ஃபில்டர் அழுத்தப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம், வெடித்துவிடும்.

டேங்கைப் பற்றி நான் கற்றது கொல்லிமலையில். நண்பரின் ஜிப்சி, கால் டேங்க் பெட்ரோல், 70 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியில் ஒரு குறையும் சொல்லாமல் ஓடிய வண்டி, செங்குத்தான வளைவில் திரும்பும்போதெல்லாம் ஒரு நொடி மூச்சுத் திணறியது. கார்புரேட்டர் டேங்கில் தடுப்பறை இல்லாததால் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சியிருக்கிறது. கார்புரேட்டராக இருந்தால் அதன் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் அந்த நொடியைச் சமாளித்திருக்கும், இன்ஜெக்‌ஷனுக்கு அந்த இருப்பு கிடையாது. மேலேறும் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு தடவை அப்படி நின்றபோது எனக்கு வியர்த்துவிட்டது. எம்பிஎஃப்ஐ ஜிப்சியின் டேங்கும் பம்பும் சேர்த்துக் கிடைத்தால் அதையே போடுங்கள். இல்லையென்றால் ஒன்றிரண்டு லிட்டர் கொள்ளும் சர்ஜ் டேங்க் (எப்போதும் நிரம்பியிருக்கும் சிறு இடைத்தொட்டி) ஒன்றை நடுவில் வையுங்கள்.

பம்ப் வயரை நேராக இக்னிஷனில் கொடுப்பது, என்னைக் கேட்டால், இந்த வேலையிலேயே மோசமான குறுக்குவழி. வண்டி கவிழ்ந்து இன்ஜின் நின்றாலும் பம்ப் அறுந்த டியூப் வழியே பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். இசியூ ஓட்டும் ரிலே வழியாகக் கொடுத்தால் சாவி போட்டதும் இரண்டு நொடி ஓடி நிற்கும், இன்ஜின் சுற்றினால் மட்டுமே தொடரும்.

காகித வேலையையும் விட்டுவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி இன்ஜின் மாற்றத்துக்கு ஆர்டிஓ அனுமதியும் ஆர்சியில் பதிவும் வேண்டும்.

எல்லாம் மாட்டியபின் உடனே ஸ்டார்ட் பண்ணாதீர்கள். ஃபில்டருக்குப் பிறகு ஒரு பிரஷர் கேஜ் மாட்டி, பம்ப் ரிலேயை வயரால் பாலம் போட்டு, இன்ஜின் நிற்கும்போதே பம்பை ஓட்டுங்கள். முள் 3 பார் பக்கம் வந்து நிற்கட்டும். இப்போது பம்பை நிறுத்தி அந்த முள்ளையே பாருங்கள். சரசரவென்று கீழே வந்தால் எங்கோ கசிகிறது, அல்லது பம்பின் வால்வோ ரெகுலேட்டரோ இன்ஜெக்டரோ பிடிக்கவில்லை. ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளை டிஷ்யூ பேப்பரால் சுற்றித் துடைத்துப் பாருங்கள், ஈரம் கண்ணுக்குத் தெரியும் முன்பே பேப்பரில் தெரியும். இத்தனையும் திறந்த வெளியில், பேட்டரி சார்ஜரோ வெல்டிங்கோ பக்கத்தில் இல்லாமல், டிரை பவுடர் தீயணைப்பான் ஒன்றைக் கை எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பிறகு எதையாவது கழற்ற வேண்டி வந்தால் முதலில் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, இன்ஜினைத் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு தளர்த்துங்கள். நூறு கிலோமீட்டர் ஓடி, இன்ஜின் நாலைந்து முறை சூடாகி ஆறியபின் அதே டிஷ்யூ பேப்பரோடு இன்னொரு சுற்று வாருங்கள்.