அமெரிக்காவில் மான் வேட்டைக்கு ரைஃபிள்: நம் மாவட்டத்துக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர், தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு பக்கங்களிலிருந்து வேலைக்காக அமெரிக்கா சென்றவர்களில் சிலர், இலையுதிர் காலம் வந்ததும் உடன் வேலை செய்பவர்களோடு மான் வேட்டைக்குக் கிளம்ப ஆசைப்பட்டு, எந்த ரைஃபிளை வாங்கலாம் என்று என்னிடம் கேட்பதுண்டு. நம் ஊரில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மானைச் சுடுவது மட்டுமன்றி, சுட முயல்வதும் குற்றம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 2014இல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு சரணாலயத்துக்குள் வேட்டையாடினால், குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஏழு ஆண்டுகள் சிறை. ஆகவே இங்கே சொல்வதெல்லாம், உரிமம் பெற்று வேட்டையாடச் சட்டம் இடம்கொடுக்கும் அமெரிக்க மாநிலங்களில் வசிப்பவர்களுக்கு மட்டுமே.

நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை, நாட்டுத் துப்பாக்கியைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நினைப்பை ரைஃபிளின் மேல் ஏற்றிப் பார்ப்பதால் வருபவை. அஞ்செட்டிப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லும் துப்பாக்கி, கருமருந்தையும் ரவையையும் குழலின் வாய்வழியே போட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டிப்பது. அதில் மருந்து கூடினால் சத்தம் கூடும், சத்தம் கூடினால் பலம் கூடும் என்பது கணக்கு, குறி சற்றுத் தப்பினாலும் சிதறும் ரவையில் ஏதோ ஒன்று படும் என்பது நம்பிக்கை. ரைஃபிளோ குழலின் உட்புறத்தில் வெட்டிய சுருள் வரிகளால் ஒற்றைக் குண்டைச் சுழலவிட்டு அனுப்புவது. அது பட்டால் பட்டது, இல்லையேல் இல்லை.

கடைக்குப் போகுமுன் மாநிலச் சட்டத்தைப் பார்க்காமல் இருப்பதுதான் அதிகச் செலவு வைக்கும் தவறு. நம்மவர்கள் நிறைந்திருக்கும் நியூ ஜெர்சியில் மான் வேட்டைக்கு நவீன ரைஃபிளுக்கு அனுமதியே இல்லை. ஷாட்கன், வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி, வில் ஆகியவைதான். ஒஹையோவில் ரைஃபிள்களில், வாய்ப்பக்கம் குறுகாமல் நேராக இருக்கும் உறை கொண்ட நேர்ச்சுவர்த் தோட்டா போடுபவை மட்டும் செல்லும். இதைவிட முக்கியமானது விசா. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விலக்குகளில் ஒன்று. அந்த உரிமம் காலாவதியான பிறகும் ரைஃபிளை அலமாரியில் பூட்டி வைத்திருப்பவர், தெரியாமலே குற்றவாளியாகிவிடக்கூடும்.

அடுத்தது, பெரிய தோட்டாவின் மேல் மோகம். அங்கே பரவலாக வேட்டையாடப்படும் வெள்ளைவால் மான், நம் கடமானைவிடச் சிறியது, அதற்கு .300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற பெரிய தோட்டா தேவையே இல்லை. அது வெடிக்கும்போது வரும் உதைப்பை இரண்டு முறை தோளில் வாங்கியவரின் உடம்பு, மூன்றாம் முறை விசையை இழுக்கும் முன்பே தானாகச் சுருங்கிக் குழலை விலக்கிவிடும். .243 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர், .308 வின்செஸ்டர் ஆகிய தோட்டா வகைகளில் ஒன்று போதும். புதியவருக்கு முதல் இரண்டையே நான் சொல்வேன். தோட்டா சிற்றூர்க் கடையிலும் கிடைக்க வேண்டும் என்பவருக்கு .308 நல்லது.

உடம்புக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, பின்கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால், விரல் நுனி வலியாமல் விசையைத் தொட வேண்டும். எட்டவில்லை என்றால் கட்டை நமக்கு நீளம். அப்படிப்பட்ட ரைஃபிளில் தலையை முன்னே நீட்டித்தான், குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பில் கண் வைக்க முடியும். என் மாமன் மகன் அவ்வாறு நீட்டித்தான், பயிற்சித் திடலில் முதல் வெடியிலேயே ஸ்கோப்பின் விளிம்பு வலப்புருவத்தின் மேல் பிறை வடிவில் வெட்டிவிட்டது. ஊருக்கு வந்தபோது அத்தை அதைக் கண்டு, எவனோடு சண்டை போட்டாய் என்றுதான் கேட்டார். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் மூன்று அங்குலத்துக்குக் குறையாத இடைவெளி வேண்டும். மூன்று முதல் ஒன்பது மடங்கு வரை பெருக்கும் சாதாரண ஸ்கோப்பே காட்டுக்குப் போதுமானது. இருபது மடங்கு ஸ்கோப்பில் மரங்களுக்கிடையே நிற்கும் மானைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அது போயிருக்கும்.

விலை மலிவு என்று, குண்டைக் கடின உலோக உறையால் மூடிய முழுக் கவசத் தோட்டாக்களை வாங்குவதும் தவறு. அவற்றின் குண்டு உள்ளே விரியாமல் ஊசிபோல் துளைத்துச் செல்வதால், மான் வெகுதூரம் ஓடி எங்கோ வதைபட்டுச் சாகும். பல மாநிலங்கள் அவற்றை வேட்டைக்குத் தடைசெய்திருப்பதும் இதனால்தான். விரியும் குண்டுகளில் இரண்டு மூன்று வகைகளை வாங்கி, நூறு கெஜத்தில் சுட்டு, எது நெருக்கமாக விழுகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறக்குறைய ஒரு சாண் அகலம்; மூன்று வெடிகள் இரண்டு அங்குலத்துக்குள் விழும் ரைஃபிள் போதுமானது. ஆனால் ஆறிய குழலிலிருந்து போகும் முதல் குண்டு எங்கே விழுகிறது என்று பாருங்கள், ஏனெனில் காட்டில் கிடைப்பது அந்த ஒன்றுதான்.

பழைய ரைஃபிள் வாங்குபவர்கள் வரிசை எண்ணை உற்பத்தியாளரிடம் சரிபார்க்க வேண்டும். 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை தயாரான, எக்ஸ்-மார்க் ப்ரோ விசை பொருத்திய ரெமிங்டன் 700 ரைஃபிள்கள், விசையை இழுக்காமலே வெடிக்கக்கூடும் என்பதால் 2014இல் திரும்ப அழைக்கப்பட்டன. அத்தகையவை சரிசெய்யப்படாமல் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கலாம்.

இனி ஊருக்குத் திரும்பும் பயணம். வேட்டைக்குத் தூக்கிப்போன அதே முதுகுப்பையை விமானத்துக்கும் கொண்டுவராதீர்கள். பக்கவாட்டுப் பையின் தையலோரத்தில் தங்கிவிட்ட ஒற்றைத் தோட்டா பெங்களூரு விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால், ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவாகும். மறந்துவிட்டேன் என்பதை நீதிமன்றம் பிறகு ஏற்கலாம், ஆனால் ஓசூர் வந்து சேரவேண்டிய அந்த இரவு காவல் நிலையத்தில் கழியும்.